நன்மை வாங்காதவர்கள்

முதல் கேள்வி, "செருப்பை எங்க கழட்டணும்?" என்பதுதான். இரண்டாவது, "பிரியாணி உண்டா?" மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. "அந்த வெள்ளையா வட்டமா ஒண்ணு தருவாங்களே, அதை நாங்க வாங்கலாமா?"

மாமா பெண்ணின் கல்யாணத்துக்கு என்னோடு சென்னையிலிருந்து ஐந்து பேர் வருவதாக இருந்தார்கள். அவள் கல்லூரிக்காக எங்கள் வீட்டில் மூன்று வருஷம் தங்கியிருந்தவள். அதனால் என் நண்பர்கள் எல்லோரும் அவளுக்கும் நண்பர்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட அதுவரை ஒரு ஆர்.சி. கல்யாணத்தை முழுசாகப் பார்த்ததில்லை. ரிசப்ஷனுக்குப் போய்க் கவர் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டதோடு சரி. ஊர், தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டியது. சிவப்பு மணல், பனை, நடுவில் வெள்ளையடித்த ஒரு பெரிய கோயில். அங்கே சர்ச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கோயில்தான். இதைச் சொன்னதும் குழப்பம் தொடங்கிவிட்டது. "பஸ் ஸ்டாப்புல இறங்கி கோயில் எங்கன்னு கேட்டா அம்மன் கோயிலுக்கு அனுப்பிட மாட்டாங்களா?" மாட்டார்கள். அந்த ஊரில் அது ஒன்றுதான் கோயில்.

ஆக, வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கி நான் வழிகாட்டி ஆனேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் ஞானஸ்நானம் வாங்காதவள். அம்மா கத்தோலிக்கர், அப்பா இல்லை. சின்ன வயதிலிருந்து நூற்றுக்கணக்கான பூசைகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது நிற்பது, எப்போது முட்டிபோடுவது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனாலும் நான் அங்கே விருந்தாளிதான். என்னைவிட நல்ல வழிகாட்டி அவர்களுக்குக் கிடைத்திருக்க முடியாது.

எழுதி அனுப்பினேன். பத்து மணி பூசை என்றால் பத்து மணிக்குத் தொடங்கிவிடும், முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்பதெல்லாம் கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று ஊர்க்காரர்கள் உட்காருவார்கள், உங்களை யாரும் விரட்ட மாட்டார்கள், இருந்தாலும் பின்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். கிழவிகள் முக்காடு போட்டிருப்பார்கள், நீங்கள் போட வேண்டியதில்லை. எல்லோரும் எழுந்தால் எழுந்திருங்கள். எல்லோரும் முட்டிபோட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம், தப்பில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஃபாதருக்குப் பேசப் பிடிக்கும் என்றால் ஒன்றரை.

சினிமாவிலிருந்து வரும் எதிர்பார்ப்புகளை முதலிலேயே ஒழித்துவிடுவது நல்லது. முத்தம் கிடையாது. "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்று பாதிரியார் கேட்க, கதவைத் திறந்துகொண்டு முன்னாள் காதலன் வருவதும் கிடையாது. அந்தக் கேள்வியே கத்தோலிக்கச் சடங்கில் இல்லை. ஆட்சேபம் கேட்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் ஓலை வாசிப்பது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் பங்கிலும் பையனின் பங்கிலும், பூசை முடிகிற நேரத்தில் இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் கல்யாணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். மூன்று ஓலை விழுந்துவிட்டால் ஊர் அறிந்த விஷயம். ஓலைச்சுவடி போய்ப் பல தலைமுறை ஆயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது.

இது போக, பெண்ணும் பையனும் தனித்தனியாகச் சாமியாரிடம் போய் உட்கார வேண்டும். கட்டாயப்படுத்தினார்களா, வேறு எங்காவது கல்யாணம் ஆகியிருக்கிறதா, உறவுமுறை என்ன என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஞானஸ்நான சர்டிபிகேட் புதிதாக எடுத்திருக்க வேண்டும், பழையது செல்லாது. காரணம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. ஒருவருடைய கல்யாணம் நடந்ததும் அந்தத் தகவல் அவர் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்குப் போய், அங்கே குழந்தையாக அவர் பெயர் எழுதப்பட்ட அதே வரிக்குப் பக்கத்தில் குறிக்கப்படும். ஆக, புதிய சர்டிபிகேட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் ஆள் கல்யாணம் ஆகாதவர்.

என் அம்மாவின் வரியில் அந்த இடம் இன்றும் காலி.

1989-இல் அவர்களுக்கும் ஒரு ஓலை போனது. கோயிலில் இல்லை, சென்னையில் ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அது அங்கே தொங்க வேண்டும், ஆட்சேபம் இருப்பவர்கள் வரலாம். ஊர்க்காரர் ஒருவர் வேறு வேலையாக அங்கே போனவர், பார்த்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் ஊரிலிருந்து தந்தி. அடுத்த வாரம் தாத்தாவும் இரண்டு பேரும் ரயிலேறி வந்தார்கள். அம்மா அப்போது தங்கியிருந்த ஹாஸ்டல் வாசலில் நடந்ததை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் கதையில் தாத்தா அழுதார். அப்பாவின் கதையில் அடித்தார். சட்டம் ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம் எதுவும் அவர்களிடம் இல்லாததால் முப்பத்தோராம் நாள் கையெழுத்து ஆயிற்று. அந்தச் சட்டத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், மூன்றாவது ஆள் வராததால் எதிர் டீக்கடைக்காரர்.

மதம் மட்டும்தான் காரணம் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் கத்தோலிக்க மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்திருப்பவர்களுக்குத் தெரியும், ஆர்.சி. என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு சாதிப் பெயரும் இருக்கும். தாத்தாவுக்கு அப்பாவின் சாமி எவ்வளவு பிரச்சினையோ அதைவிட அவருடைய தெரு பிரச்சினை. "பையன் ஞானஸ்நானம் வாங்கட்டும், பார்க்கலாம்" என்றுகூட ஒரு கட்டத்தில் ஊர்ச் சாமியார் வழியாகச் சொல்லி அனுப்பினாராம், வாங்க மாட்டார் என்று தெரிந்துகொண்டே. அப்பா சொன்ன பதிலை அம்மா இப்போதும் சொல்வாள். "நம்பாம தலையில தண்ணி ஊத்திக்கிட்டா அது உங்க சாமிக்குத்தான் அவமரியாதை."

மதம் மாறாமலே கோயிலில் கல்யாணம் செய்யலாம். ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். கத்தோலிக்கத் தரப்பு மட்டும் தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளையும் அப்படி வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும். இதை 1989-இல் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. நான் பிறந்த பிறகு சென்னையில் ஒரு ஃபாதர்தான் சொன்னார். ரிஜிஸ்டர் கல்யாணத்தையும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், ஊரிலிருந்து உன் ஞானஸ்நான சர்டிபிகேட்டை மட்டும் வரவழைத்துவிடு என்றார். அம்மா மூன்று முறை கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. தாத்தா அப்போது பங்குப் பேரவையில் இருந்தார். கடிதங்கள் எங்கே போயின என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. நான்காவது கடிதம் எழுத அம்மாவுக்கு ரோசம் விடவில்லை.

அதனால் அம்மா நன்மை வாங்குவதில்லை.

நற்கருணை என்பது புத்தகச் சொல். எங்கள் பக்கம் பேச்சில் நன்மை. முதல் தடவை வாங்குவது புதுநன்மை, அதற்கு வெள்ளைக் கவுன், மெழுகுவர்த்தி, வீட்டில் விருந்து. திருச்சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறவர்கள் பூசைக்கு வரலாம், பாடலாம், காணிக்கை போடலாம், கோயில் கூட்டலாம். நன்மை மட்டும் வாங்கக் கூடாது. அம்மா எல்லா ஞாயிறும் போனாள். நடுவில் ஒரு கட்டத்தில் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து வரிசையில் போவார்கள். அம்மா முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பி அவர்களுக்கு வழிவிடுவாள். அவர்கள் திரும்பி வரும்போது மறுபடி திருப்புவாள். அந்த இடைவெளியில் நாங்கள் இரண்டு பேரும் காலி பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அம்மாவுக்கு அதன் ருசி பிடிக்காது போல என்று ஆறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவேதான் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத நேரம் பிடித்தது. கடைசியில் சுருக்கமாக, "வாங்கக் கூடாது. அந்த நேரம் உட்கார்ந்தே இருங்க, நானும் இருப்பேன்" என்று அனுப்பினேன். கூடவே ஒரு பழைய கதையையும். அம்மாவின் ஆபீஸ்காரர் ஒருவர், மரியாதைக்காக வரிசையில் போய், கையில் வாங்கிய அப்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டில் மனைவிக்குக் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கன்னியாஸ்திரி ஒருவர் பெஞ்சு பெஞ்சாகத் தேடி வந்து அவரைக் கண்டுபிடித்தார். பிரசாதம் என்று அவர் நினைத்தது தப்பில்லை. ஆனால் அவர்களைப் பொறுத்தவரை அது பிரசாதம் இல்லை, சாமியே அதுதான். அதைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

கல்யாணம் ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், நமக்கு ஆடி மாதிரி. நல்ல நேரம் பார்ப்பது கூடாது என்பது பாடம். மாமா காலண்டரில் ராகுகாலம் பார்த்துவிட்டு, "சும்மா பார்த்தேன்" என்றார்.

பூசை தொடங்குமுன் ஃபாதர் வாசலுக்கு வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் வரவேற்று அழைத்துப்போனார். அவள் சந்தன நிறப் பட்டு, தலையில் மெல்லிய வலைத்துணி, கையில் பூங்கொத்து. மாப்பிள்ளை மே மாத வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கோட்டு. பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த பையன் முதல் பாட்டை ரொம்ப உச்சத்தில் எடுத்துவிட்டான், பாதி ஊர் பாடுவதை நிறுத்திக்கொண்டது.

எங்கள் பெஞ்சு பின்னாலிருந்து நான்காவது. ஐந்து நண்பர்கள், நான், ஓரத்தில் அம்மா. மாமா முன்வரிசையில் அம்மாவுக்கு இடம் போட்டிருந்தார். போகவில்லை. "முன்னால உட்கார்ந்துகிட்டு அந்த நேரத்துல எந்திரிக்காம இருந்தா எல்லாரும் பாப்பாவ."

நற்செய்தி, எதிர்பார்த்தபடி கானாவூர்க் கல்யாணம். கத்தோலிக்கக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு, கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோகிறது. யேசுவின் அம்மா அதைக் கவனித்து மகனிடம் சொல்கிறாள். ஆறு கற்சாடிகளில் இருந்த தண்ணீர் ரசமாகிறது. இத்தனை கல்யாணங்களில் இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் மணப்பெண் வருவதே இல்லை. மாப்பிள்ளைக்கும் பெயர் கிடையாது, பந்தி மேற்பார்வையாளர் அவனைக் கூப்பிட்டுப் பேசுவதோடு சரி. யார் கல்யாணம் என்றே தெரியாது. முழுக்க விருந்தாளிகள் பக்கமிருந்து சொல்லப்பட்ட கதை. ஃபாதர் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மாமியாரை அம்மாவாக நினை, மருமகளை மகளாக நினை என்று இருபது நிமிடம் பேசினார்.

பிரசங்கம் முடிந்ததும்தான் கல்யாணம். இதுவும் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும், பூசையின் நடுவில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற விஷயம் அது. ஃபாதர் மூன்று கேள்வி கேட்கிறார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்திருக்கிறீர்களா, சாகும்வரை ஒருவரையொருவர் நேசித்து மதிப்பீர்களா, பிள்ளைகளை ஏற்று வளர்ப்பீர்களா. அப்புறம் இருவரும் வலது கையைச் சேர்த்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும் நோயிலும் நலத்திலும் கூட இருப்பேன் என்று ஒருவருக்கு ஒருவர் சொல்கிறார்கள். மைக்கில். ஊர் முன்னால். என் நண்பன் காதோரம், "நம்ம பக்கம் பொண்ணு வாயே திறக்க வேண்டாம், இங்க ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணுமா!" என்றான். ஆமாம். அது இல்லாவிட்டால் இங்கே கல்யாணம் இல்லை.

சொல்லப்போனால் அது மட்டும்தான் கல்யாணம். இதை எனக்குச் சொன்னதும் அந்தச் சென்னை ஃபாதர்தான். நாம் நினைப்பதுபோல இந்த அருட்சாதனத்தைக் கொடுப்பவர் சாமியார் இல்லை. ஞானஸ்நானத்துக்கும் நன்மைக்கும் சாமியார் கொடுப்பவர். கல்யாணத்தில் மட்டும் பெண்ணும் பையனும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். சாமியார் சபையின் பேரால் நிற்கும் சாட்சி. அது மட்டுமில்லை, முன்பு சாமியார் இல்லாமலே அது செல்லும். இரண்டு பேர் தனியாக ஒரு தோட்டத்தில் நின்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாலும் திருச்சபைக்கு அது கல்யாணம்தான். திட்டும், ஆனால் செல்லாது என்று சொல்லாது. அப்புறம், வாக்கு கொடுத்துவிட்டு இல்லை என்று சாதிப்பவர்கள், ரகசியமாக இரண்டாவது கட்டுபவர்கள் என்று தொல்லை பெருகி, 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கத்தில்தான் பங்குச் சாமியார் முன்னால், குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னால் நடந்தால்தான் செல்லும் என்று விதி போட்டார்கள். ஏமாற்றப்பட்டவர்களைக் காப்பாற்ற வந்த விதி அது, நல்ல விதி. ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸில் மூன்று சாட்சிகள் முன்னால் சொல்லி, இருபத்தொன்பது வருஷம் சொன்னபடியே இருந்த இரண்டு பேரை அது எங்கே கொண்டுபோய் வைத்தது என்று யோசிக்காமல் என்னால் எந்தக் கல்யாணத்திலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க முடிந்ததில்லை.

அப்புறம் தாலி. இந்த இடத்தில் நண்பர்கள் குழுவில் பரபரப்பு. "தாலி உண்டா?" உண்டு. மஞ்சள் கயிறிலோ தங்கச் சங்கிலியிலோ சிலுவையோ புறாவோ பொறித்த தாலி. ஃபாதர் மந்திரித்துக் கொடுக்க மாப்பிள்ளை கட்டுகிறார், அவர் தங்கை பின்னால் நின்று முடிச்சுக்கு உதவுகிறாள். கோயில் மணி அடிக்கிறது, வெளியே வெடி. இந்தத் தாலி சும்மா உள்ளே வந்துவிடவில்லை. 1703-இல் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன் என்ற போப்பின் தூதர் நம் ஊர்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணை போட்டார். அதில் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் ஒன்று. பல வருஷம் ரோமுக்கும் மதுரை மிஷனுக்கும் இடையே மல்லுக்கட்டு நடந்தது. பிள்ளையார் போனார், தாலி நின்றது. எங்கள் கிழவிகளிடம் தாலி இந்து வழக்கம்தானே என்று கேட்டுப் பாருங்கள், அடி விழும்.

அம்மாவுக்கும் அப்பா தாலி கட்டியிருந்தார், ரிஜிஸ்டர் ஆபீஸ் முடிந்து டீக்கடையில் வைத்து. அதில் சிலுவையும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. வெறும் தங்கப்பொட்டு. 2018-இல் அப்பா இறந்தபோது அம்மா அதைக் கழற்றவில்லை.

அப்பா இறந்த நாற்பதாம் நாளோ என்னவோ, எங்கள் பங்கின் ஃபாதர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், இளையவர். சுற்றிவளைக்காமல் சொன்னார். "அம்மா, இப்போ உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நீங்க தாராளமா நன்மை வாங்கலாம்." அம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், "ஏட்டி, என்னத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுதது? உங்க அப்பாகூட இருந்ததையா?"

அதற்குப் பிறகும் எல்லா ஞாயிறும் போகிறாள். எல்லா ஞாயிறும் முழங்காலைத் திருப்பி வழிவிடுகிறாள். இது பிடிவாதம் என்று ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று. அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். புதுநன்மைப் படத்தை இன்னும் பீரோவில் வைத்திருப்பவள். ஆனால் சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பதில் அவளும் அப்பாவும் ஒரே கட்சி.

தாலிக்குப் பிறகு பூசை தொடர்ந்தது. மணி அடித்தது, ஊர் முட்டிபோட்டது. அப்புறம் சமாதானம் சொல்லும் நேரம். மேல்நாட்டில் கைகுலுக்குவார்கள், நம் கோயில்களில் கைகூப்பி ஒருவரையொருவர் பார்த்து வணக்கம். என் நண்பர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முன்னால், பின்னால், தெரியாத கிழவர் என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார்கள். கிழவர் திருப்பித் திருப்பிப் போட்டார்.

அடுத்தது நன்மை.

வரிசை வரிசையாக எழுந்தார்கள். எங்களுக்கு முன்பெஞ்சு எழுந்தது. பின்பெஞ்சு எழுந்தது. எங்கள் பெஞ்சு முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தது, நான் அனுப்பிய செய்தியின்படி. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. அம்மா வழக்கப்படி முழங்காலை ஒரு பக்கம் திருப்பினாள். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டாள். என் பக்கம் குனிந்து, "இந்தப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றாள். நான்தான் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்களில் கோயம்புத்தூர்க்காரி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள், அம்மா வாங்கிக் குடித்தாள். கோயிலுக்குள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று என்னை அடித்து வளர்த்தவள்.

இதற்குமேல் நடந்ததை நான் நண்பர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. எனக்கே உறுதியாகத் தெரியாததுதான் காரணம்.

இரண்டு வாரத்துக்கு முன் மாமா பெண் போன் பண்ணியிருந்தாள். "மைனி, ரிஜிஸ்டர்ல என் பக்கம் சாட்சிக் கையெழுத்து அத்தை போடணும்." அம்மா கேட்டதும் முடியாது என்றுவிட்டாள். "நான் போட்டா அது செல்லாது. வேற யாரையாவது பாருங்க. கல்யாணத்துல வில்லங்கம் வந்துரும்." அவள் விடாமல் ஊர்ச் சாமியாரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவர், "சாட்சிக்கு நடந்ததைப் பாக்கக் கண்ணும் கேக்கக் காதும் புத்தியும் இருந்தாப் போதும், அவங்க நன்மை வாங்குறாங்களான்னு எந்தச் சட்டமும் கேக்கலை" என்று சொல்லிவிட்டார். சாட்சி கத்தோலிக்கராகக்கூட இருக்க வேண்டியதில்லையாம். அம்மா அதற்குப் பிறகும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் படிக்கிற கண்ணாடியை எடுத்து வைத்தாள்.

பூசை முடிந்து, மாதா பீடத்தில் இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தபோது, பீடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேஜையில் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்தார்கள். மைக்கில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பெஞ்சிலிருந்து பீடம் வரை நீளமான நடை. முப்பத்து நான்கு வருஷமாக அந்தக் கோயிலின் நடுவழியில் அம்மா நடந்ததில்லை. வந்தால் பக்கவாசல், போனால் பக்கவாசல். நான் கூடப் போனேன். தாத்தா காலத்து ஆட்கள் இன்னும் சிலர் முன்பெஞ்சுகளில் இருந்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உபதேசியார் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அம்மா புதுநன்மைக்குப் படித்த காலத்து உபதேசியாரின் மகன். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சியின் விவரத்தை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். பெயர் கேட்டார், அம்மா சொன்னாள். ஊர், கதவு எண், சென்னை. அப்புறம், "தகப்பனார் பேரு போடவா, வீட்டுக்காரர் பேரு போடவா?"

தாத்தா பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தகத்தின் முன் பக்கங்களில் பல தடவை வந்திருக்கக்கூடிய பெயர், பேசாமல் போயிருக்கும்.

"வீட்டுக்காரர் பேரு" என்றாள் அம்மா. சொன்னாள்.

அப்பாவின் பெயர் முருகனுடைய பெயர்களில் ஒன்று. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது கோயில் முழுக்கக் கேட்டது. உபதேசியார் ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். மாமா குனிந்து, "எழுத்துக்கூட்டிச் சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "திருச்செந்தூரை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு இந்தப் பேரை எழுதத் தெரியாதா எனக்கு?" எழுதினார். அம்மா கண்ணாடி போட்டு, அவர் எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இனிஷியல் அப்பாவுடையது.

பிரியாணி இருந்தது. மட்டன், வாழை இலை, கூடவே தயிர் வெங்காயம். நண்பர்கள் இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்தார்கள். ரசம் இல்லையா என்று ஒருவன் கேட்டதற்கு, கானாவூரில்தான் தீர்ந்துவிட்டதே என்று மாமா சொன்னார். அவருக்கு வாய்த்த ஒரே நகைச்சுவை, நான்கு பந்தியிலும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் அம்மாவுக்குக் கீழ் பெர்த். தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைத்தேன். கோவில்பட்டி தாண்டி இருக்கும்.

"ஏட்டி."

"என்னம்மா?"

"அந்தப் பேனா மை பேப்பர்ல சரியா விழுந்துச்சா? நான் அழுத்திப் போடலையோன்னு இருக்கு."

"விழுந்துச்சும்மா. நான் பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தியா?"

போனில் படம் எடுத்திருந்தேன். இறங்கி வந்து காட்டினேன். பெரிதாக்கச் சொன்னாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் கையெழுத்தை விட்டுவிட்டு, அதற்கு மேல் வரியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.